பட்டை மாற்றிய பின் இடப்பக்கம் இழுத்த லாரி: வீல் அலைன்மென்ட் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்த வண்டி இரண்டு ஆக்சில் கொண்ட ஆறு சக்கரச் சரக்கு லாரி. கர்நாடகத்திலிருந்து மக்காச்சோளம் ஏற்றி நாமக்கல் பகுதிக் கோழித்தீவன ஆலைகளில் இறக்குவது அதன் வழக்கமான ஓட்டம். பழைய பட்டைக்கட்டுகள் (வண்டியின் எடையைத் தாங்கும், வில்லாக வளைந்த இரும்புத் தகடுகளின் அடுக்குகள்) தளர்ந்து வளைவு இழந்துவிட்டதால், உரிமையாளர் முன்னும் பின்னுமாக நான்கு கட்டுகளையும் ஒரே நேரத்தில் புதிதாக மாற்றினார். பின்கட்டில் முன்பிருந்ததைவிட ஒரு பட்டை கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. 2018-ஆம் ஆண்டு ஜூலையில் இரண்டு ஆக்சில் லாரிகளின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தப்பட்ட பின்னர், பழைய வண்டிகளுக்கும் இப்படிப் பட்டை சேர்க்கும் வழக்கம் பரவியிருக்கிறது. பட்டை சேர்ப்பதால் பதிவுச் சான்றில் உள்ள எடை வரம்பு உயர்ந்துவிடாது. அது சட்டம் சார்ந்த தனிச் செய்தி. இங்கே அந்தக் கூடுதல் பட்டை வண்டியின் நிலைப்பை எப்படி மாற்றியது என்பதை மட்டும் பார்க்கிறோம்.

பட்டை மாற்றிய முதல் ஓட்டத்திலேயே கோளாறு தெரிந்தது. "கையை லேசா விட்டா போதும், இடப்பக்கமே போகுதுங்க. பிரேக்கை மிதிச்சா இன்னும் அதிகமா இழுக்குதுங்க" என்பது ஓட்டுநர் சொன்னது. வளைவில் திருப்பிய பிறகு ஸ்டீயரிங் தானாக நடுநிலைக்குத் திரும்பவில்லை என்றும், நேர்ச்சாலையில்கூட ஓயாமல் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது என்றும் அவர் கூறினார். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போது, தேசிய நெடுஞ்சாலை 44-இல் விபத்துகளுக்குப் பெயர்போன தொப்பூர் கணவாய் இறக்கத்தை இந்த வண்டி முழுச்சுமையுடன்தான் கடக்கிறது. இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும் லாரி, டயர்ச் செலவோடு நின்றுவிடும் பிரச்சினை அல்ல. அருகில் செல்லும் இருசக்கர வண்டியில் இருப்பவரின் உயிரும் அந்த இழுப்பில் அடங்கியிருக்கிறது.

முன்னர் செய்யப்பட்ட திருத்தங்கள்

எங்களிடம் வருவதற்கு முன் வண்டி வேறு இடங்களில் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களின் ஒழுங்கு) பார்க்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் டை ராட் (முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் தண்டு) மட்டுமே திருகப்பட்டு, டோ அளவு (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) மாற்றப்பட்டிருந்தது. கொடுக்கப்பட்ட கணினிச் சீட்டில் முன் சக்கரங்களின் டோவும் கேம்பரும் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) இருந்தன. பின் ஹவுசிங் (பின் சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில் உறை) சேஸுக்கு (வண்டியின் அடிச்சட்டத்துக்கு) செங்குத்தாக நிற்கிறதா என்பதைக் காட்டும் எண் எதுவும் அதில் இல்லை. ஸ்டீயரிங் வீல் வலப்பக்கம் சாய்ந்து நின்றதைச் சரிசெய்வதற்காக, அதைக் கழற்றிச் சில பற்கள் தள்ளி மாட்டியிருந்தனர்.

இந்த நிகழ்வின் மையமே இங்குதான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. லாரியின் முன் ஆக்சில் ஒரே பீம் ஆகும். இரு சக்கரங்களையும் ஒரே டை ராட் இணைக்கிறது. டை ராடை நீட்டினாலும் குறைத்தாலும் இரு சக்கரங்களுக்கும் இடையிலான கோணம் மட்டுமே மாறும். இடச் சக்கரத்துக்குத் தனி டோ, வலச் சக்கரத்துக்குத் தனி டோ என்று நாம் வைத்துவிட முடியாது. வண்டி ஓடத் தொடங்கியதும் இரு சக்கரங்களும் அந்த மொத்தக் கோணத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே ஒரு பக்கம் இழுக்கும் நோய்க்கு டை ராடு மருந்தாகவே முடியாது. டோவைக் கூட்டினால் ஸ்டீயரிங் கொஞ்சம் இறுக்கமாகத் தோன்றும், ஓட்டுநரும் சிறிது நேரம் நிம்மதியடைவார், ஆனால் டயர் மேயத் (ஒரு பக்கமாகத் தேயத்) தொடங்கிவிடும். இந்த வண்டியில் அதுவே நடந்தது. முன் டயர்கள் இரண்டிலும் வெளி ஓரம் தேய்ந்திருந்தது. உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகக் கையால் தடவினால் ஒவ்வொரு வரிப்பட்டையின் விளிம்பும் கூராகத் தட்டுப்பட்டது. வெளியிலிருந்து உள்நோக்கித் தடவினால் வழுவழுப்பாக இருந்தது. டோ-இன் (சக்கரங்களின் உள்நோக்கிய திருப்பம்) அளவுக்கு மீறியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அளப்பதற்கு முன்

அளவு எடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகளைப் பலரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். எல்லா டயர்களிலும் காற்றழுத்தம் ஒரே அளவுக்குக் கொண்டுவரப்பட்டது. முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டி, வீல் பேரிங்கிலும் கிங் பின்னிலும் (முன் சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சு முளை) ஆட்டம் உண்டா என்று பார்க்கப்பட்டது. கிங் பின்கள் நல்ல நிலையில் இருந்தன. டை ராட் முனைகளில் வலப்பக்க முனை மட்டும் தளர்ந்திருந்ததால் மாற்றப்பட்டது. தளர்ந்த முனையை வைத்துக்கொண்டு எடுக்கும் டோ அளவு, வண்டியை ஓர் அடி நகர்த்தினாலே மாறிவிடும். முன் பிரேக் சேம்பர்களின் (காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் கலன்கள்) தண்டு இருபுறமும் ஒரே தொலைவு நகர்கிறதா என்றும், ஸ்லாக் அட்ஜஸ்டர்கள் (பிரேக்கின் தளர்வைச் சரிசெய்யும் நெம்புகள்) ஒத்த நிலையில் உள்ளனவா என்றும் சரிபார்த்ததில் குறை ஒன்றும் தெரியவில்லை. பிரேக் போடும்போது இழுத்தாலும் காரணம் பிரேக்கில் இல்லை என்பது அப்போதே உறுதியானது.

அடுத்தது தரை. தளத்தின் நான்கு சக்கர இடங்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதை டியூப் லெவல் கொண்டு பார்த்தோம். தரை சாய்ந்திருந்தால் காஸ்டர் (கிங் பின்னின் முன்பின் சாய்வு), கேம்பர் எண்கள் அனைத்தும் அந்தச் சாய்வோடு சேர்ந்தே வரும். பிறகு வண்டியை முன்னும் பின்னும் சில முறை உருட்டி, பட்டைகள் இயல்பாக அமர்ந்த பின்னர் சேஸின் உயரம் அளக்கப்பட்டது. பழைய பட்டைகளுடன் இருந்தபோது உரிமையாளர் குறித்துவைத்திருந்த உயரத்தோடு ஒப்பிட்டால், வெற்று வண்டியில் முன்பக்கம் 25 மி.மீ., பின்பக்கம் 85 மி.மீ. உயர்ந்திருந்தது. அதாவது பின்பக்கம் முன்பக்கத்தைவிட 60 மி.மீ. கூடுதலாக எழும்பி, சேஸ் முன்னோக்கிச் சாய்ந்திருந்தது. உயரத்தை எழுதிவைக்கும் பழக்கம் லாரி உரிமையாளர்களிடம் அரிது. இவரிடம் அது இருந்தது பெரிய உதவியாக அமைந்தது.

பின் ஹவுசிங்

அலைன்மென்ட் வேலையைப் பின்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. வண்டி எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைப் பின் சக்கரங்கள்தான் தள்ளித் தீர்மானிக்கின்றன. முன் சக்கரங்கள் அந்தத் திசைக்கு இசைந்து நின்றால் மட்டுமே வண்டி நேராகப் போகும்.

சேஸின் இருபுறமும் பட்டை பிராக்கெட் பின்களிலிருந்து (இரும்பு முளைகளிலிருந்து) தூக்குக்குண்டு விட்டு, தரையில் புள்ளிகள் குறிக்கப்பட்டன. முதலில் அந்தப் புள்ளிகளுக்கிடையே குறுக்கு மூலைவிட்டங்கள் அளக்கப்பட்டன. இரண்டுக்கும் வேறுபாடு 3 மி.மீ.தான், ஆகவே சேஸ் கோணல் அடையவில்லை என்று கொண்டோம். பிறகு சேஸின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாகத் தரையில் ஒரு கோடு இழுத்து, அதிலிருந்து முன் ஆக்சிலின் இரு முனைகளுக்கும் பின் ஹவுசிங்கின் இரு முனைகளுக்கும் உள்ள தொலைவுகள் எடுக்கப்பட்டன. முன் ஆக்சில் செங்குத்தாகவே நின்றது. பின் ஹவுசிங் அப்படி நிற்கவில்லை. அதன் இட முனை, வல முனையைவிட 10 மி.மீ. முன்னால் வந்திருந்தது.

அளவெடுத்த புள்ளிகளுக்கிடையே 1,900 மி.மீ. தொலைவு இருந்தபடியால், 10 மி.மீ. என்பது ஏறத்தாழ 0.3 டிகிரி கோணல் ஆகும். சிறிய எண்ணாகத் தோன்றினாலும், இந்த வண்டியின் 5,300 மி.மீ. வீல் பேஸில் (முன், பின் ஆக்சில்களுக்கிடையிலான தொலைவு) அது 28 மி.மீ. பக்கவாட்டு விலகலாக வளர்கிறது. இட முனை முன்னால் வந்த ஹவுசிங் வலப்பக்கம் நோக்கித் தள்ளுகிறது. வண்டியின் பின்பகுதி வலப்பக்கம் ஒதுங்க, மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. அதைத் தடுக்க ஓட்டுநர் ஸ்டீயரிங்கைச் சற்று வலப்பக்கம் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. அவர் சொன்ன புகாரும், ஸ்டீயரிங் வீல் வலப்பக்கம் சாய்ந்து நின்றதும் இந்த அளவோடு பொருந்தின. தளத்தில் தண்ணீர் ஊற்றி வண்டியை நேராக மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, பின் சக்கரத் தடங்கள் முன் சக்கரத் தடங்களின் மேல் சமமாக அமராமல் வலப்பக்கமாக ஒதுங்கிப் பதிந்தன. அளவுகோலோ கணினியோ இல்லாத இடத்திலும் இந்த ஒரு சோதனையை எவரும் செய்து பார்க்கலாம்.

கோணலுக்குக் காரணம் தேடி, பட்டைக்கட்டை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ வடிவ போல்ட்டுகளான யூ-போல்ட்டுகளைக் கழற்றியபோது விடை கிடைத்தது. பட்டைக்கட்டின் நடுவே எல்லாப் பட்டைகளையும் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை, ஹவுசிங்கின் இருக்கையில் உள்ள துளைக்குள் பொருந்தி அமர வேண்டும். ஆக்சில் முன்பின்னாக எங்கே நிற்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பது அந்தப் பொருத்தம்தான். யூ-போல்ட்டுகள் அதை அழுத்திப் பிடிக்க மட்டுமே செய்கின்றன. இந்த வண்டியில் இடப்பக்க இருக்கைத் துளை பல ஆண்டுத் தேய்மானத்தால் நீள்வட்டமாகிவிட்டிருந்தது. புதுக்கட்டோடு வந்த சென்டர் போல்ட்டின் தலையோ பழையதைவிடச் சிறியதாக இருந்தது. இரண்டும் சேர்ந்து அந்த இடத்தில் 7 மி.மீ. அளவுக்கு இடைவெளி கொடுத்தன. பொருத்தியவர்கள் ஹவுசிங்கை முன்னோக்கி ஒதுங்கிய நிலையில் வைத்தே யூ-போல்ட்டுகளை இறுக்கியிருக்கிறார்கள். எஞ்சிய 3 மி.மீ. வலப்பக்கத்தில் கிடைத்தது. புதுப்பட்டையின் முன்கண்ணில் (முன்முனை வளையத்தில்) பழைய பின்னே (முளையே) திரும்பப் போடப்பட்டிருந்ததால், அந்தப் பின்னின் தேய்மானம் முழுவதும் புது புஷ்ஷோடு சேர்ந்து வல முனையைப் பின்னுக்கு இழுத்திருந்தது.

இடப்பக்க இருக்கைத் துளையில் பற்றவைத்து நிரப்பி, சரியான அளவில் மறுபடி கடையப்பட்டது. துளைக்கு இறுக்கமாகப் பொருந்தும் தலையுள்ள சென்டர் போல்ட்டுகள் இருபுறமும் போடப்பட்டன. வலப்பக்க முன்கண்ணில் உள்ள பின் (முளை) புதிதாக மாற்றப்பட்டது. ஒருமுறை முழுவதும் இறுக்கப்பட்ட யூ-போல்ட்டின் மரைகள் நீண்டுவிடுவதால் அதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. ஆகவே யூ-போல்ட்டுகளும் நட்டுகளும் புதியவையாகவே போடப்பட்டன. வண்டியின் எடை முழுவதும் சக்கரங்களில் அமர்ந்த பிறகு, நான்கு நட்டுகளையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக, கையேடு சொல்லும் முறுக்கு அளவு வரை டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். மறுபடி அளந்தபோது இரு முனைகளுக்கும் வேறுபாடு 1 மி.மீ. மட்டுமே இருந்தது. தூக்குக்குண்டு முறையில் இதைவிட நுட்பமாக அளப்பது அரிது, தேவையும் இல்லை.

மூன்று ஆக்சில் லாரிகளில் இந்த வேலை இன்னும் கடினமானது. அங்கே இரண்டு பின் ஹவுசிங்குகளும் சேஸுக்குச் செங்குத்தாக நிற்பதோடு ஒன்றுக்கொன்று இணையாகவும் நிற்க வேண்டும். இல்லையெனில் ஒன்றை ஒன்று எதிர்த்துத் தள்ளி, எட்டு டயர்களையும் சேர்த்து மேயவைக்கும்.

முன் ஆக்சிலும் ஆப்புத் தகடும்

பின்பக்கம் நேரான பிறகுதான் முன்பக்கத்துக்கு வந்தோம். முன் சக்கரங்களைச் சுழல்தட்டுகளின் மேல் ஏற்றி, 20 டிகிரி இடமும் 20 டிகிரி வலமும் திருப்பிக் காஸ்டர் அளக்கப்பட்டது. கையேட்டின்படி ஏறத்தாழ 3 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில், இடப்பக்கம் 0.9 டிகிரியும் வலப்பக்கம் 2 டிகிரியும் காட்டின.

காஸ்டர் என்பது பக்கத்திலிருந்து பார்க்கும்போது கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. திருப்பிய ஸ்டீயரிங்கைத் தானாக நடுநிலைக்குக் கொண்டுவருவதும், நேர்ச்சாலையில் வண்டியை அலையாமல் வைப்பதும் அந்தச் சாய்வுதான். அது குறைந்ததற்கு இங்கே இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது, பின்பக்கம் கூடுதலாக 60 மி.மீ. எழும்பியது. 5,300 மி.மீ. வீல் பேஸில் அது 0.65 டிகிரிச் சாய்வு. சேஸ் எவ்வளவு முன்னோக்கிச் சாய்கிறதோ அவ்வளவும் இருபுறக் காஸ்டரிலிருந்து கழிந்துபோகும். பின்பட்டையைக் கூட்டியவர்கள் முன்பக்கத்தைத் தொடவில்லை என்று நினைத்தாலும், அந்தச் சாய்வு முன் ஆக்சில் வரை வந்துசேர்ந்துவிட்டது.

இரண்டாவது காரணம் இடப்பக்கத்துக்கு மட்டுமே உரியது. முன்பட்டைக்கும் ஆக்சில் இருக்கைக்கும் இடையே காஸ்டருக்காக ஓர் ஆப்புத் தகடு இருக்கும். பட்டை ஆக்சிலின் மேல் அமரும் இத்தகைய அமைப்பில் தகட்டின் தடித்த முனை பின்பக்கம் இருந்தால் காஸ்டர் கூடும், முன்பக்கம் இருந்தால் குறையும். பட்டை மாற்றும்போது கழன்ற தகட்டை வலப்பக்கம் சரியாகவும் இடப்பக்கம் திருப்பியும் போட்டிருந்தார்கள். ஒரு டிகிரித் தகடு திரும்பினால் இரண்டு டிகிரி வேறுபாடு வர வேண்டும். ஒரே பீம் இரு முனைகளையும் இணைத்து, முறுக்கத்தை எதிர்ப்பதால், அளவில் தெரிந்தது 1.1 டிகிரி மட்டுமே. மீதி முறுக்கம் பீமிலும் பட்டைகளிலும் தேங்கி நின்றது. காஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கமே வண்டி இழுக்கும். நம் நாட்டில் சாலையின் இட ஓரம் நீர் வடிவதற்காகத் தாழ்ந்திருப்பதால் வண்டிக்கு இயல்பாகவே இடப்பக்கம் நழுவும் போக்கு உண்டு. ஹவுசிங்கின் கோணல், இடப்பக்கக் காஸ்டர்க் குறைவு, சாலைச் சாய்வு ஆகிய மூன்றும் இந்த வண்டியில் ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டன. பிரேக் மிதிக்கும்போது ஆக்சில் பட்டையை முறுக்கி முன்னோக்கி உருளப் பார்க்கும், அப்போது எஞ்சியிருக்கும் காஸ்டரும் குறையும். ஏற்கெனவே 0.9 டிகிரியில் நின்ற இடப்பக்கத்துக்கு அந்த நொடியில் நேராக நிற்கும் திறன் ஏறக்குறைய இல்லாமலே போயிருக்கும். ஓட்டுநர் சொன்ன பிரேக் இழுப்புக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இடப்பக்கத் தகடு திருப்பிப் போடப்பட்டது. பின்கட்டில் கூடுதலாகச் சேர்த்த பட்டையை எடுத்துவிடும்படி உரிமையாளரிடம் வலியுறுத்தினோம், அவரும் இசைந்தார். எடுத்த பின் வெற்று வண்டியில் பின்பக்கம் 50 மி.மீ. இறங்கியது. இப்போது காஸ்டர் இடப்பக்கம் 3 டிகிரி, வலப்பக்கம் 2.8 டிகிரி. இடப்பக்கம் சற்றுக் கூடுதலாக அமைந்தது நம் சாலைச் சாய்வுக்கு நன்மையே. பின்பக்கத்தின் உயரத்தைக் குறைக்காமல் முன்னால் இன்னும் தடித்த தகடு போட்டும் காஸ்டரைக் கூட்டியிருக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கடத்தும் தண்டு) இணைப்புகளின் கோணம் கெட்ட நிலையிலேயே இருந்திருக்கும். காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் ஈடுசெய்யும் வேலையை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

கேம்பர் இருபுறமும் கையேட்டு எல்லைக்குள் இருந்தது. பீம் ஆக்சிலில் கேம்பரைத் திருத்த எந்தத் திருகும் கிடையாது. அந்த எண், பீமோ கிங் பின்னோ வளைந்திருக்கிறதா என்பதை அறிவதற்கான அடையாளம் மட்டுமே. வளைந்த பீமைச் சூடேற்றி நிமிர்த்தும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. வெப்பப் பதம் போட்ட இரும்பை அப்படிச் சூடேற்றினால் அதன் வலிமை போய்விடும் என்பதால் அதை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது.

டிராக் லிங்க்

இனி ஸ்டீயரிங் வீல். முன்பட்டை 25 மி.மீ. உயர்ந்ததும், ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து ஆக்சிலுக்கு இறங்கும் டிராக் லிங்கின் சாய்வு கூடியது. 900 மி.மீ. நீளமுள்ள லிங்க் 120 மி.மீ. சரிவில் இருந்தபோது கிடைமட்டமாக எட்டிய தொலைவுக்கும், 145 மி.மீ. சரிவில் எட்டும் தொலைவுக்கும் 3.7 மி.மீ. வேறுபாடு வருகிறது. 220 மி.மீ. ஸ்டீயரிங் ஆர்மில் அது சக்கரத்தை ஏறத்தாழ ஒரு டிகிரி திருப்பப் போதுமானது. ஸ்டீயரிங் பெட்டியின் விகிதம் இருபதுக்கு ஒன்று என்று கொண்டால், ஸ்டீயரிங் வீலில் அது 20 டிகிரி அளவுக்குத் தெரியும். பட்டை உயரும்போது ஆக்சிலும் சற்று நகர்வதால் இது முழுவதுமாக வெளிப்படாது. ஆயினும் ஓட்டுநர் கண்ட சாய்வின் பெரும்பகுதி இதிலிருந்து வந்ததே.

இதைச் சரிசெய்யும் இடம் டிராக் லிங்கின் நீளம். ஸ்டீயரிங் வீலைக் கழற்றிப் பல் தள்ளி மாட்டினால் கண்ணுக்கு மட்டும் நேராகத் தெரியும். பெட்டிக்குள்ளே பற்கள் மிக நெருக்கமாகப் பொருந்தும் நடுப்புள்ளி ஒன்று உண்டு. வண்டி நேராக ஓடும்போது பெட்டி அந்தப் புள்ளியில் நிற்க வேண்டும். புள்ளி விலகிவிட்டால் நேர்ச்சாலையிலேயே ஸ்டீயரிங்கில் ஆட்டம் தோன்றும், ஒரு பக்கம் முழுதாகத் திரும்பும், மறுபக்கம் குறைவாகத் திரும்பும். இந்த வண்டியில் அந்த ஆட்டமும் இருந்தது, வலப்பக்க வளைவு வட்டம் இடப்பக்கத்தைவிடப் பெரிதாகவும் இருந்தது. பெட்டியின் நடுக்குறியைப் பார்த்து அதை நடுநிலைக்குக் கொண்டுவந்து, ஸ்டீயரிங் வீலைப் பழைய பற்களில் மாட்டி, முன் சக்கரங்களைப் பின் சக்கரங்களுக்கு நேராக நிறுத்திய பின், அந்த நிலைக்கு ஏற்ப டிராக் லிங்கை நீட்டிப் பூட்டினோம். இருபுறமும் முழுவதும் திருப்பி, ஸ்டாப் போல்ட்டுகள் சமமாகத் தொடுகின்றனவா என்று பார்ப்பதோடு அந்தப் பகுதி முடிந்தது.

கடைசியாக டோ

இத்தனையும் முடிந்த பிறகே டை ராடைத் தொட்டோம். வண்டி வந்தபோது எடுத்த டோ-இன் 8 மி.மீ. 295/90ஆர்20 டயரின் விட்டம் 1,039 மி.மீ. என்பதால், ஒவ்வொரு சக்கரமும் 0.22 டிகிரி உள்நோக்கித் திரும்பி நின்றிருக்கிறது. ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு முன் டயரும் ஏறத்தாழ 3.85 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது என்று இதற்குப் பொருள். கர்நாடகத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே ஓடும் வண்டியில் அந்த ரப்பர் எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை.

சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, டயரின் நடுவில் சுண்ணாம்பு பூசி, கூரான ஊசியால் ஒரு மெல்லிய கோடு கீறப்பட்டது. ரிம்மில் சிறு வளைவு இருந்தாலும் இந்தக் கோடு அதைச் சரிக்கட்டிவிடும். வண்டியை இறக்கி, முன்னோக்கி உருட்டி நிறுத்தி, கோடுகளுக்கிடையிலான தொலைவை ஹப் உயரத்தில் முன்னும் பின்னும் அளந்து, டோ-இன் 1.5 மி.மீ. ஆக வைக்கப்பட்டது. ஓடும்போது டை ராட் அமைப்பில் உள்ள சிறு நெகிழ்வுகள் சக்கரங்களைச் சற்று வெளிநோக்கித் திறக்கும் என்பதாலேயே இந்தச் சிறிய உள்நோக்கு விடப்படுகிறது. ரேடியல் டயருக்கு இதற்கு மேல் தேவையில்லை. பழைய நைலான் டயர்க் காலத்து அளவுகளை ரேடியலுக்கு வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சுமை ஏறிய பின்

வெற்று வண்டியில் எடுத்த அளவு பாதி வேலைதான். புதுப்பட்டை முதல் சில சுமைகளில் அமர்ந்து உயரம் இழக்கும். பட்டைகளுக்கிடையே உள்ள பெயிண்டும் கிரீஸும் நசுங்கி, யூ-போல்ட்டின் பிடி தளரும். தளர்ந்த யூ-போல்ட்டோடு ஓடினால் சென்டர் போல்ட் முறிந்து, ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். முதல் சுமை ஓட்டத்துக்குப் பிறகு கட்டாயம் திரும்பி வர வேண்டும் என்று ஓட்டுநரிடமும் உரிமையாளரிடமும் சொல்லி அனுப்பினோம். வந்தபோது எட்டு யூ-போல்ட்டுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் நட்டுகள் கொஞ்சம் திரும்பின. பின் இடப்பக்கம் மற்றவற்றைவிட அதிகம் தளர்ந்திருந்தது. பற்றவைத்து நிரப்பிய இருக்கை தன் இடத்தில் அமர்ந்ததே அதற்குக் காரணம் என்று கருதி, அடுத்த சர்வீஸிலும் அதைச் சோதிக்கக் குறித்துவைத்தோம்.

சுமையுடன் எடுத்த அளவுகளில் ஹவுசிங் கோணல் மாறவில்லை. பின்பக்கம் தாழ்ந்ததால் காஸ்டர் இருபுறமும் 3.5 டிகிரியை நெருங்கியது. டோ 1 மி.மீ. அளவுக்குக் குறைந்து, ஏற்கத்தக்க எல்லையிலேயே நின்றது. ஓட்டுநர் தொப்பூர் இறக்கத்தில் சுமையுடன் பிரேக் போட்டு வந்தபோது வண்டி தன் தடத்திலேயே நின்றதாகச் சொன்னார். வளைவுக்குப் பின் ஸ்டீயரிங் தானே திரும்புகிறது என்பதும் அவர் முதலில் சொன்ன புகாருக்கு நேரான பதில்.

வெளி ஓரம் தேய்ந்த முன் டயர்கள் இரண்டும் பின்பக்க உள்சக்கரங்களுக்கு மாற்றப்பட்டன. கூரான விளிம்புள்ள டயரை முன்பக்கத்திலேயே விட்டுவைத்தால், அலைன்மென்ட் சரியான பிறகும் அது தன் பழைய தேய்மான வழியிலேயே தொடர்ந்து தேயும், அதிர்வும் குறையாது. முன்னால் புது டயர்கள் போடப்பட்டு, உள், நடு, வெளி என மூன்று வரிகளிலும் பள்ளத்தின் ஆழம் குறித்துவைக்கப்பட்டது. அந்தச் சீட்டிலேயே ஹவுசிங்கின் இருமுனை அளவுகள், சேஸ் உயரங்கள், காஸ்டர், டோ ஆகியவையும் எழுதி உரிமையாளரிடம் கொடுத்திருக்கிறோம். அடுத்த முறை பட்டை மாற்றும்போது எந்தப் பட்டறைக்குப் போனாலும் அந்தச் சீட்டைக் காட்டி, கழற்றும் முன் ஒருமுறையும் பொருத்திய பின் ஒருமுறையும் பின் ஹவுசிங்கை அளக்கச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம்.